எட்டாவது ராக்கர்

அக்டோபர் 9, திங்கள்

நிலாவுல நம்ம வண்டி போய் இறங்குன வருசம். தக்காளி கிலோ நூத்தம்பதுக்கு வித்து, சரசா ரெண்டு மாசம் வெறும் புளியைக் கரைச்சே ரசம் வச்ச வருசம். தேதியை அவ போட்டுக்குவா. எனக்கு வருசத்துக்கு எண்ணு கிடையாது. அந்த வருசம் என்ன நடந்துச்சோ அதுதான் அடையாளம்.

என் பேரு மருதாசலம். வயசு எழுபத்தஞ்சு. கோயமுத்தூர்ல ரேஸ் வண்டிக்கு என்ஜின் கட்டுறது தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதறது என் தங்கச்சி சரசாத்தாள். பால்வாடி டீச்சரா இருந்து ஓய்வானவ. எனக்கும் வீட்ல ஆள் இல்லை, அவளுக்கும் இல்லை. முன்னால வீடு, பின்னால பட்டறை, ஒண்ணா இருக்கறோம்.

இந்த நோட்டு எதுக்குன்னா, பல் டாக்டர் தாரிணின்னு ஒரு அம்மிணி பழைய இங்கிலீஷ் காரு என்ஜின் ஒண்ணைக் கொண்டாந்து பட்டறையில இறக்கியிருக்குது. டிசம்பர் கடைசியில பழைய காருங்களுக்கு மட்டும் ரேஸ் நடக்குதாம். அந்த அம்மிணியே ஓட்டப்போகுது. "ஐயா, எதைக் கழட்டினீங்க, எதை மாட்டினீங்க, எங்க எவ்வளவு இடைவெளி விட்டீங்க, அத்தனையும் அன்னன்னைக்கு எழுதி வேணும். ரேஸ் நடத்துறவங்க கேப்பாங்க. எனக்கும் வேணும்" அப்படீன்னுச்சு.

"எனக்கு எழுத வராதுங்க அம்மிணி. வேற பட்டறை பாத்துக்குங்க."

"நான் எழுதறனுங்க"ன்னு சமையக்கட்டுல இருந்து சரசா குரல் கொடுத்துட்டா. இவளை யாரு கேட்டது?

போறப்ப அந்த அம்மிணி சொல்லுச்சு. "எங்கப்பா வண்டிக்கும் நீங்கதானே என்ஜின் கட்டுனீங்க? அதான் உங்களையே தேடி வந்தேன்." ஆமான்னேன். சுகவனம்னு ரேஸ் ஓட்டுனவரு, தம்பின்னுதான் கூப்பிடுவேன், அவரோட மக. நம்மாளுக கிரிக்கெட்டுல மொத தரம் உலகக் கோப்பை வாங்கினாங்களே, அதுக்கு அடுத்த மாசி மாசம் மெட்ராசுக்கு வடக்க பழைய விமான ஓடுபாதையில நடந்த ரேஸ்ல சுகவனம் தவறிட்டாரு. இந்தப் பொண்ணு அப்ப அம்மா வயித்துல.

"அப்பா கியரைத் தப்பாப் போட்டுட்டார்னு சொல்லுவாங்க. பயப்படாதீங்க ஐயா, நான் சரியாப் போடுவேன்"னு சிரிச்சுச்சு.

நானும் சிரிச்சேன். அப்புறம் போய்க் கை கழுவினேன். "இன்னும் வேலையே தொடலை, என்னத்தைக் கழுவறீங்ணா?"ன்னு சரசா கேட்டா.

அக்டோபர் 11, புதன்

ராக்கர் மூடியைக் கழட்டியாச்சு. நாலு சிலிண்டர், எட்டு வால்வு, எட்டு ராக்கர்.

ராக்கர்னா என்னன்னு சரசா கேட்டா. கீழ கேம் தண்டு சுத்தும். அது ஒரு கம்பியை மேல தூக்கும். கம்பி ராக்கரோட ஒரு முனையைத் தூக்குனா மறுமுனை இறங்கி வால்வை அமுக்கும்னு சொன்னேன். "பால்வாடியில சீசா பலகை இருக்குதல்ல, அதுன்னு சொன்னாத் தீந்துச்சு"ன்னா. சரி, அதுதான்.

அமுங்குன வால்வை மேல இழுத்துக்கறது ஸ்பிரிங். ஸ்பிரிங் தலையில தட்டையா ஒரு தொப்பி. தொப்பியையும் வால்வையும் சேத்துப் பிடிக்கறது ரெண்டே ரெண்டு லாக், சுண்டுவிரல் நகத்தளவு.

"அது கழண்டா?"

"வால்வு என்ஜினுக்குள்ள விழுந்துரும்."

"விழுந்தா?"

"என்ஜின் அப்படியே பிடிச்சுக்கும். ஓடற வண்டியில பின் சக்கரம் பூட்டிக்கும்."

"பூட்டிக்கிட்டா?"

"எழுதுனது போதும் விடு."

டாக்டரம்மா வெளிநாட்ல இருந்து வாங்கி வந்த புதுக் கேம் வால்வை இன்னும் ஆழமாத் திறக்கும். அதுக்கு ரெட்டை ஸ்பிரிங். ரெட்டை ஸ்பிரிங்குக்கு அகலத் தொப்பி. அகலத் தொப்பி வந்தா அதோட விளிம்பு ராக்கர் வயித்துக்கு, அதான் அடிப்பக்கத்துக்கு, கிட்ட வந்துரும். நடுவுல ஒரு ஜெம் கிளிப்புக் கம்பி தாராளமாப் போய்வரணும். போகலைன்னா, ராக்கர் மூக்கு வால்வை அமுக்கறதுக்குப் பதிலா வயிறு தொப்பியை அமுக்கும். தொப்பி அமுங்குனா லாக் விட்டுரும்.

எட்டாவது ராக்கர்ல முடி மாதிரி ஒரு விரிசல் இருந்துச்சு. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டோம். எங்கயோ உடைக்கப் போட்ட என்ஜின்லிருந்து மாத்து ஒண்ணு தேடிக் கொண்டாந்து கொடுத்துச்சு. எட்டும் ஒரே செட்டா புதுசு வாங்குங்கன்னு மூணு தரம் சொன்னேன். சீமையில இருந்து வர மூணு மாசம் ஆகுமாம், ரேஸ் போயிருமாம்.

எட்டாவதுதான் மாறணுமா? வேற எதுலயாவது விரிசல் விட்டிருக்கக் கூடாதா?

அக்டோபர் 12, வியாழன்

பட்டறையைத் திறக்கலை. சரசா ரேசன்ல பாமாயில் வாங்கிட்டு வந்தா.

அக்டோபர் 14, சனி

மாளய அமாவாசை. எப்பவும் நான் தனியாப் போவேன், இந்த வருசம் காலையில ரெண்டு பேரும் பேரூர் படித்துறைக்குப் போனோம். எள்ளும் தண்ணியும் விட்டேன். அப்பா, அம்மா, என் சம்சாரம், சரசா வீட்டுக்காரர்.

இதுக்கு மேல எழுத வேண்டாம்னு சொன்னேன். சரசா எழுதியே தீருவேங்கறா. அவளே எழுதறா இதை: எங்கண்ணன் அஞ்சாவதா ஒரு பேரைச் சொன்னார். சுகவனம்னு. ஐயர் "என்ன உறவு?"ன்னு கேட்டார். எங்கண்ணன் "வேண்டியவருங்க"ன்னார். ஐயருக்கு அது புதுசில்லை போல இருக்குது. "வருசா வருசம் இதையேதான் சொல்றீர்"னு முணுமுணுத்துட்டே எள்ளைக் கொடுத்தார். பஸ்ல வர்றப்ப எத்தனை வருசமாங்ணான்னு கேட்டேன். நாப்பது அமாவாசை ஆச்சுன்னார்.

எழுதிட்டாளாம். எழுதட்டும். ரேஸ் நடத்துறவங்க இதையா படிக்கப் போறாங்க?

அக்டோபர் 17, செவ்வாய்

ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் பாத்தாச்சு.

ஒண்ணாவதுலயே ஜெம் கிளிப்பு போகலை. வால்வு மூடியிருக்கறப்ப ராக்கர் வயிறு தொப்பி மேல உக்காருது. ராக்கர் தண்டைத் தாங்கற நாலு தூணுக்கு அடியிலும் தகடு வச்சு தண்டையே தூக்கினேன். மொதல்ல முப்பது தௌ தகடு, அங்குலத்தை ஆயிரமாப் பிரிச்சா ஒரு பங்கு ஒரு தௌ. கிளிப்பு முக்கி முக்கிப் போச்சு. அப்புறம் அறுவது. இப்ப வழுக்கிட்டுப் போகுது.

தண்டைத் தூக்குனா வேற வம்பு வரும். ராக்கர் மூக்கு வால்வு மண்டைக்கு நடுவுல உரசாம ஓரத்துக்கு ஓடும். வால்வு மண்டையில மார்க்கர் மையைத் தடவி, ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்தா மை எங்க அழிஞ்சிருக்குதுன்னு தெரியும். ஓரத்துலதான் அழிஞ்சிருந்துச்சு. கீழ இருக்கற கம்பி இப்ப குட்டை. அறுவது தௌ நீளமான கம்பி வேணும். சொல்லி விட்டாச்சு.

நான் சொல்றதை எழுதிட்டே சரசா கேட்டா. "இதுக்கு முன்னால இதையெல்லாம் எப்படிங்ணா குறிச்சு வச்சீங்க?"

எங்க முதலாளி வரதராஜுலு பட்டறையில ஒரு பழக்கம் இருந்துச்சு. எழுதத் தெரியாதவன், பாத்த வால்வு ஒண்ணொண்ணுக்கும் ராக்கர் மூடியோட உள்பக்கம் ஆணியால ஒரு கோடு கீறணும். எட்டு கோடு விழுந்தாத்தான் மூடியைப் போடலாம். அந்தக் கோட்டைப் பாத்துட்டுத்தான் ஓட்டுறவன் வண்டியில ஏறுவான்.

"நல்ல பழக்கம்தானே?"

கோட்டுக்கு ஒண்ணும் தெரியாதுன்னேன். அவளுக்குப் புரியலை.

அக்டோபர் 19, வியாழன்

நீளக் கம்பி வந்துச்சு. மாட்டினேன். ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் மை நடுவுல அழியுது.

மத்தியானம் சரசா பாத்திரம் கழுவறப்ப ஒரு கரண்டி கீழ விழுந்துச்சு. அந்த டக்குங்கற சத்தத்துக்கு நான் எந்திரிச்சு நின்னுட்டேன். சரசா ஒரு டம்ளர் மோர் கொண்டாந்து கொடுத்தா.

அக்டோபர் 21, சனி

அஞ்சு, கிளிப்பு போகுது. ஆறு, போகுது. ஏழு, தாராளமாப் போகுது.

எட்டாவதுக்கு வெளிச்சம் பத்தலை. நாளைக்கு.

அக்டோபர் 22, ஞாயிறு

எட்டாவது பாக்கலை. கண்ணுல தண்ணி வடியுது. "ஏழைப் பாத்த கண்ணு எட்டைப் பாக்காதா?"ன்னு சரசா கேக்கறா. இவளுக்கு பால்வாடிக் குழந்தைங்களை மிரட்டி மிரட்டிப் பழக்கம்.

அக்டோபர் 23, திங்கள்

ஆயுத பூஜை. ஸ்பேனரு, அரம், இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜு எல்லாத்தையும் தொடைச்சு, வாழையிலையில வச்சு, பொட்டு வச்சோம். என்ஜினுக்கும் ஒரு மாலை. டாக்டரம்மா பொரியும் ஆரஞ்சுப்பழமும் வாங்கிட்டு வந்துச்சு.

"என்னங்க அம்மிணி, உங்க கிளினிக்ல குறடுக்கெல்லாம் பொட்டு வச்சாச்சா?"ன்னு சரசா கேட்டா.

"வச்சாச்சுங்க அத்தை. பொட்டு வச்ச குறட்டைப் பாத்ததும் ஒரு பேசண்ட் பல்லு வலியே போயிருச்சுன்னு ஓடிட்டார்."

சிரிச்சாங்க ரெண்டு பேரும். எனக்கும் கொஞ்சம் லேசாச்சு. அப்ப அந்த அம்மிணி மாலை போட்ட என்ஜினைத் தடவிட்டே, பொரியை மென்னுட்டே, சும்மா கேட்டுச்சு.

"எட்டும் பாத்தாச்சா ஐயா?"

"ஆச்சுங்க."

நான் நினைச்சுச் சொல்லலை. வாய் தானாச் சொல்லிருச்சு. சரசா என்னைத் திரும்பிப் பாத்தா. அந்த அம்மிணி நம்பிருச்சு. ஏன் நம்பாது?

அது போனப்புறம் சரசா நோட்டை எடுத்து வச்சுட்டு உக்காந்தா. "எட்டு, பாத்தாச்சுன்னு போட்டுக்கோ"ன்னேன்.

"பாத்தீங்களா?"

"போட்டுக்கோன்னேன்."

"நீங்க பாக்காததை என் கை எழுதாதுங்ணா. உங்களுக்கு எழுதத் தெரிஞ்சா நீங்களே எழுதிக்குங்க."

அக்டோபர் 24, செவ்வாய்

விஜயதசமி. புதுசா எழுதத் தொடங்கறவங்களுக்கு நல்ல நாள். எனக்கு மட்டும் சொல்லத் தொடங்கற நாள்னு வச்சுக்கறேன். சரசா, ஒரு சொல்லு விடாம எழுது. நடுவுல கேள்வி கேக்காத.

அந்த மாசி மாசம் சுகவனம் வண்டிக்கு நான்தான் என்ஜின் கட்டுனது. அதுலயும் அகலத் தொப்பி. அதுலயும் ராக்கருக்கும் தொப்பிக்கும் ஆகலை. பத்து நாள் மல்லுக்கட்டி தகடு வச்சு, ராக்கர் வயித்தை ராவி, எட்டையும் ஒவ்வொண்ணாப் பாத்து எட்டு கோடு கீறினேன். என்னை மாதிரி யாரு பாப்பான்னு அப்ப ஒரு திமிரு இருந்துச்சு. வயசு முப்பத்தஞ்சு.

ரேசுக்கு மொத நாள் ஓட்டிப் பாக்கறப்ப எட்டாவது ராக்கர் விண்டு போச்சு. வேற ஒரு வேன் என்ஜின்லிருந்து ஒண்ணைக் கழட்டி வந்து மாட்டினேன். ராக்கர் மூக்குக்கும் வால்வு மண்டைக்கும் நடுவுல விடற டேப்பெட்டு இடைவெளி மட்டும் ஃபீலர் வச்சு சரி பண்ணினேன். அதுக்கு மேல குனிஞ்சா முதுகு போகுது. எட்டாவது, வண்டியில ஓட்டுறவன் பக்கம் இருக்கற தகரச் சுவத்தை ஒட்டி இருக்கும். தலையை உள்ள விட்டு, கன்னத்தைச் சூட்டுல வச்சுத்தான் பாக்கணும். ஏழு சரியா இருந்தா எட்டும் சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன். ஒரே மாதிரி ராக்கர்தானே? ஆனா அது வேற வார்ப்பு. வயிறு தடிமன்.

கோடு கீறவும் வேண்டியதில்லை. எட்டு கோடு ஏற்கெனவே இருக்குதே.

காலையில சுகவனம் தம்பி வந்து மூடியைத் திருப்பிப் பாத்தாரு. விரலை வச்சு எண்ணினாரு. "எட்டு இருக்குதே, மருதாசலம் கோடு போட்டா எமனே வந்தாலும் ஒரு சுத்து காத்திருக்கணும்"னு சிரிச்சாரு. மூடியைப் போட்டோம்.

ஒம்பதாவது சுத்து. நேர்ச் சாலை முடியற இடம். வண்டி எங்களைத் தாண்டிப் போறப்ப ஒரு டக்கு சத்தம் கேட்டுச்சு. கூட்டத்துல வேற யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டுச்சு. அப்புறம் பின் சக்கரம் ரெண்டும் பூட்டி, வண்டி ஓரத்து மணல் மூட்டைப் பக்கம் சுழண்டு போச்சு.

கூட்டம் ஓடுச்சு. நான் ஓடலை. வண்டி நிறுத்தற தகரக் கொட்டகையில நின்னுட்டிருந்தேன். "என்னாச்சு?"ன்னு என்னைத்தான் கேட்டாங்க. என்ஜின்காரன் நான்தானே? "கியர் தப்பா விழுந்துருச்சு"ன்னேன். அப்ப எனக்கு நிசமா எதுவும் தெரியாது. அந்த டக்கு சத்தம் காதுல இருந்துச்சு, அவ்வளவுதான். ஆனா வாய் சொல்லிருச்சு. அதையே எல்லாரும் சொன்னாங்க. வேகத்துல மேல் கியருக்குப் பதிலா கீழ் கியரைப் போட்டா என்ஜின் பிடிக்கும், சக்கரம் பூட்டும். பொருந்திப் போச்சு.

மூணாம் நாள் வண்டி பட்டறைக்கு வந்தப்ப முதலாளியும் லேத்து பிரான்சிசும் நானும் மூடியைத் திறந்தோம். எட்டாவது வால்வு இல்லை. தொப்பி ஓரத்துல பிறை நிலா மாதிரி பளபளன்னு ஒரு தேய்மானம். ராக்கர் வயிறு இடிச்ச இடம். முதலாளி அதைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு. "மூடு"ன்னாரு.

மூடறதுக்கு முன்னால நான் இன்னொண்ணு செஞ்சேன். அரத்தை எடுத்து எட்டாவது கோட்டைத் தேச்சு அழிச்சேன். யாரு பாக்கப் போறாங்க? எதுக்கு அழிச்சேன்னு இப்பவும் எனக்குச் சொல்லத் தெரியலை.

தெரியாம சொன்னது ஒரு நாள். தெரிஞ்சப்புறமும் போய் மாத்திச் சொல்லாம இருந்தது நாப்பது வருசம்.

சரசா எழுதி முடிச்சுட்டு அடுப்பைப் பாக்கப் போனா. திரும்பி வந்து, "அண்ணா, நேத்து அந்தப் புள்ளைகிட்டயும் அதே ஆச்சுதான் சொன்னீங்க"ன்னா.

அக்டோபர் 26, வியாழன்

டாக்டரம்மாவைக் கூப்பிட்டேன். "அம்மிணி, திங்கக்கெழமை பொய் சொல்லிட்டேன். எட்டாவதை நான் பாக்கலை. பாக்க எனக்குப் பயமா இருக்குது. நீங்க கூட நில்லுங்க"ன்னேன்.

"வரேன்"னுச்சு.

மத்தியானம் கிளினிக் கோட்டோடயே வந்துச்சு. கையில சின்னக் கண்ணாடி, பல்லுக்குப் பின்னால விட்டுப் பாக்கறது. ஒரு சின்ன டப்பா. டப்பாவுல நீலமா மெல்லிசுத் தாளு.

"இது என்னன்னா ஐயா, பல்லு அடைச்சப்புறம் நடுவுல வச்சுக் கடிக்கச் சொல்லுவோம். எங்க ஒசரமா இடிக்குதோ அங்க நீலம் ஒட்டும். முடியை விட மெல்லிசு. உங்க ஜெம் கிளிப்பு கண்ணுக்குத் தெரியற இடத்துல போகும். இது இடிச்ச இடத்தையே காட்டிக் கொடுத்துரும்."

அந்த நீலத்தாளை எட்டாவது ராக்கருக்கும் தொப்பிக்கும் நடுவுல விட்டோம். நான் விடலை. அந்த அம்மிணி இடுக்கியில பிடிச்சு விட்டுச்சு. சரசா ஸ்பேனரைப் பிடிச்சுட்டு என்ஜினைச் சுத்தினா. ஒரு சுத்து. ரெண்டு சுத்து. "மாவாட்டுற மாதிரி இருக்குதுங்ணா"ன்னா. யாரும் சிரிக்கலை.

தாளை எடுத்துட்டுக் கண்ணாடியை உள்ள விட்டுப் பாத்துச்சு அந்த அம்மிணி. பாத்துட்டே இருந்துச்சு. அப்புறம் கண்ணாடியை எனக்குத் திருப்பிக் காட்டுச்சு.

தொப்பி ஓரத்துல பிறை மாதிரி நீலம்.

இடிக்குது. அறுவது தௌ தூக்கியும் இடிக்குது. மாத்து ராக்கர் வயிறு மத்த ஏழை விடத் தடிமன். நான் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். பாக்காம மூடியிருந்தா இந்தப் பொண்ணு எத்தனையாவது சுத்துல போயிருக்கும்? ஒம்பதா? பத்தா?

"ஐயா, கண்டுபிடிச்சுட்டோமே, இனி எதுக்குப் பயம்? சரி பண்ணிரலாமில்ல?"ன்னுச்சு. அது பயந்த மாதிரியே தெரியலை. அதுக்குத் தெரியாதே.

ராக்கரைக் கழட்டி வயித்தை அரத்தால ராவினேன். நாலஞ்சு இழுப்புக்கு ஒருக்கா மாட்டி, நீலத்தாளை விட்டு, சுத்திப் பாத்தோம். பிறை சின்னதாச்சு. இன்னும் சின்னதாச்சு. புள்ளியாச்சு. அப்புறம் நீலமே இல்லை. அதுக்கு மேலயும் கிளிப்பு தாராளமாப் போற வரைக்கும் ராவினேன். ராவுன இடத்துல அரம் கிழிச்ச கோடு இருந்தா அங்கயே விண்டு போகும். வழவழன்னு ஆகற வரைக்கும் எம்ரித் தாளுப் போட்டுத் தேச்சேன். மை வச்சுப் பாத்தோம், மூக்கு நடுவுல. தண்டைத் தூக்குனதுல மூடி தட்டுது, அதுக்கு அடியில தடி கேஸ்கெட்டு வெட்டிப் போட்டாச்சு. கடைசியா அந்த அம்மிணியே ஸ்பேனரை வாங்கி ரெண்டு சுத்து சுத்துச்சு. கையில எதுவும் தட்டலைன்னுச்சு.

சரசா, எழுது. எட்டு. பாத்தாச்சு.

கிளம்பறப்ப, "நோட்டைக் கொடுங்க அத்தை, நகல் எடுத்துட்டுத் தரேன்"னு கையை நீட்டுச்சு. சரசா என் மூஞ்சியப் பாத்தா. விஜயதசமிப் பக்கத்தைக் கிழிச்சுக்கட்டுமான்னு கண்ணுலயே கேட்டா.

"அப்படியே கொடு"ன்னேன்.

இந்தக் கடைசி ரெண்டு வரியை எழுதற வரைக்கும் அந்த அம்மிணி வாசல்ல செருப்பு மாட்டிட்டு நிக்குது.

நவம்பர் 2, வியாழன்

ஏழு நாள் நோட்டு இல்லை. ஏழு நாளும் கேட்டுல ஆள் நிக்கற மாதிரியே இருந்துச்சு. போன் அடிச்சா சரசாவை எடுக்கச் சொன்னேன். போலீசு வருமா, சொந்தக்காரங்க வருவாங்களா, ஒண்ணும் வராமலே போயிருமான்னு நினைச்சேன். வராமப் போறதுதான் ரொம்பப் பயமா இருந்துச்சு.

இன்னைக்கு வந்துச்சு. உக்காருங்கன்னா உக்காரலை. நோட்டை மேசையில வச்சுது.

"அந்தத் தொப்பியிலயும் இதே மாதிரிதான் பட்டிருக்குமா?"

"இதே மாதிரிதானுங்க."

"அப்பா கியர் சரியாத்தான் போட்டார்?"

"கியர் பெட்டியை நானே கழட்டிப் பாத்தேனுங்க. சரியான கியர்லதான் இருந்துச்சு."

என்ஜின் மேல கையை வச்சுது. "எங்க வீட்ல அப்பா போட்டோ கிடையாது. உங்களுக்குத் தெரியுமா? அம்மா மாட்ட விட மாட்டாங்க. வயித்துல புள்ளை இருக்கறதை நினைக்காம ஆட்டம் காட்டப் போய்ச் செத்தவன்னு சொல்லுவாங்க. பந்தயத்துல குடிச்சிருந்தாரோன்னு கூட ஒரு தடவை கேட்டாங்க. நான் கார் ஓட்டறதுன்னாலே அம்மாவுக்கு வெறுப்பு. அப்பன் புத்திம்பாங்க. கியரு கூடப் போடத் தெரியாத அப்பன்."

நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அது என்னைப் பாக்கலை.

"என்ஜின் நல்லா இருக்குது. டிசம்பர்ல நான்தான் ஓட்டுவேன்."

"வேண்டாம் அம்மிணி."

"உங்க பேச்சைக் கேட்டு ஒருத்தர் போனது போதும் ஐயா." அதுக்குப் பின்னால குரலைத் தாழ்த்திக்கிச்சு. "எழுதினதை எனக்குப் படிக்கக் கொடுத்துட்டீங்க. அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சுக்காதீங்க. நீங்க வந்து அம்மாகிட்ட உங்க வாயால சொல்ற வரைக்கும் நான் இந்த வண்டியில உக்கார மாட்டேன். நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்பாவுக்காகப் பேசறேம்பாங்க."

சரசா காப்பி கொண்டாந்தா. ரெண்டு மிடறு குடிச்சுட்டு டம்ளரை வச்சுட்டுப் போயிருச்சு. போறப்ப, "தீபாவளிக்கு மறுநாள் அம்மா வீட்ல இருப்பாங்க அத்தை"ன்னு சரசாகிட்டதான் சொல்லுச்சு, என்கிட்ட இல்லை.

நவம்பர் 6, திங்கள்

மழை. பட்டறை ஓட்டுல ஒழுகுது. ஒரு பக்கெட் வச்சேன்.

அந்தம்மா என்னை அடிப்பாங்களா? அடிச்சாத் தேவலை. ஒண்ணும் சொல்லாம உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா?

நவம்பர் 11, சனி

சரசா வெள்ளை வேட்டியைத் துவைச்சு நீலம் போட்டு வச்சிருக்கறா. எனக்குக் காய்ச்சல் மாதிரி இருக்குதுன்னு சொன்னேன். நெத்தியைத் தொட்டுப் பாத்துட்டு, "பள்ளிக்கூடம் போகாம இருக்க என் பால்வாடிக் குழந்தைங்க சொல்ற காய்ச்சல் இது"ன்னுட்டா.

நவம்பர் 13, திங்கள்

ஆட்டோ வந்து வாசல்ல நிக்குது. "வந்து எழுதிக்கலாம் வாங்ணா, மீட்டர் ஓடுது"ங்கறா. இல்லை, போறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன். வந்தப்புறம் எனக்கு வாய் வருமோ வராதோ.

அந்த ஆட்டோவுல ஏறவே எனக்குப் பயமா இருக்குது. சுகவனம் தம்பியும் வண்டியில ஏறறப்ப இப்படிப் பயந்திருப்பாரா? இருக்காது. எட்டு கோட்டைப் பாத்துட்டுல்ல ஏறினாரு.

அன்னைக்கு அந்தத் தகரக் கொட்டகையில "கியர் தப்பா விழுந்துருச்சு"ன்னு நான் சொன்னதை நேராக் காதுல வாங்கினது அஞ்சு பேரு. ஒவ்வொருத்தரும் எங்க நின்னாங்கன்னு இப்பவும் சொல்லுவேன். கம்பத்துக்குப் பக்கத்துல முதலாளி வரதராஜுலு. கோயமுத்தூர்ல குண்டு வெடிச்ச வருசம் மாரடைப்புல போனாரு. பெட்ரோல் டின் மேல லேத்து பிரான்சிஸ். கொரோனா வந்த மொத வருசம், கடைசியா மூஞ்சி கூடப் பாக்க விடலை. வாசப்படியில சுகவனத்தோட அண்ணன் மாணிக்கவாசகம். சுனாமி அடிச்ச மார்கழியில தூக்கத்துலயே. ஓட்டுறவங்களுக்குக் காட்டற கொடியை மடிச்சுக் கக்கத்துல வச்சுட்டு ஓடிவந்த பட்டாளத்துக்காரர் சாமுவேல், அவரு போயி பத்துப் பதினஞ்சு வருசம் இருக்கும், நோட்டு செல்லாதுன்னாங்களே, அதுக்கு ரொம்ப முன்னால.

அஞ்சாவது, மடக்கு நாற்காலியில ஆறு மாச வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தவங்க. கேள்வி கேட்டதே அவங்கதான். நான் சொன்னதும் என் மூஞ்சியை நிமிந்து பாத்து, "நீங்க சொன்னா நிசமாத்தான் இருக்கும்"னாங்க.

அவங்க ஒருத்தர்தான் இன்னும் இருக்காங்க. தமயந்தி அம்மா.